சந்தனம் வைத்த கார்டு

ஆயுத பூஜையன்று இரவு மழை பெய்தது. பெரிய மழையெல்லாம் இல்லை, ஒரு உழவு மழைதான். ஆனால் புரட்டாசி முழுக்க வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்ட அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சனங்களுக்கு அதுவே பெரிய விசேஷம். செவக்காட்டுச் செம்மண்ணில் அந்த ஈரம் இரண்டு நாள் நிற்கும். வெயில் முறுக்கிக்கொண்டால் அதுவும் நிற்காது. அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். உழுவதற்கு டிராக்டர் வேண்டும். டிராக்டருக்குப் பாளையம்பட்டி நல்லமுத்து அண்ணாச்சியின் ஷெட்டுக்குப் போன் போட்டு முறை வாங்க வேண்டும்.

அந்தப் போன்தான் விடிந்ததிலிருந்து செத்துக் கிடந்தது.

சுகப்பிரியா பல் துலக்கிய ஈரம் காயாமல் ஓடி வந்திருந்தாள். பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் சிசிடிவி கேமராவும் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடை அவளுடையது. கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் குடியிருப்பு. அண்ணாச்சியின் ஷெட்டில் இருக்கும் போன் ஏற்பாடு முழுக்க அவள் கைவேலை. சர்வர் என்று சொன்னால் ஏதோ குளுகுளு அறையில் பச்சை விளக்கு மினுக்க நிற்கும் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபீஸ் ஒன்றில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் பெட்டி அது. அதில் லினக்ஸை ஏற்றி, அதன் மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வேலை பார்க்கும் சாஃப்ட்வேரை உட்கார வைத்து, ஆயில் டின்களுக்கு நடுவே ஒரு மேசையில் நிறுத்தியிருந்தாள். யார் கூப்பிட்டாலும் பெட்டியே எடுக்கும். எந்த ஊர், எத்தனை ஏக்கர் என்று கேட்கும். கூப்பிட்ட வரிசைப்படி முறை எண்ணைச் சொல்லும். அந்தக் குரல்கூட சுகப்பிரியாவின் குரல்தான். ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பதிவு செய்தாள்.

இத்தனையும் எதற்காகச் செய்தாள் என்றால், அவளுடைய அம்மா குருவம்மாளுக்காக. அப்பா போன பிறகு பரளச்சிக் காட்டை அம்மாதான் பார்த்துக்கொண்டாள். முன்பெல்லாம் மழை பெய்த மறுநாள் இந்த ஷெட்டின் கேட்டில் வந்து நிற்க வேண்டும். வரிசை என்று பெயர்தான். தோள்பலம் உள்ளவன் முன்னால் போவான், பைக்கில் வந்தவன் அவனுக்கும் முன்னால் போவான். பரளச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்த பொம்பளை, சேலையைப் பிடித்துக்கொண்டு, இடிபடாமல் ஒதுங்கி ஒதுங்கியே கடைசிக்குப் போய்ச் சேருவாள். ஒரு வருஷம் அம்மாவின் முறை வந்தபோது மண் காய்ந்துவிட்டது. அந்த வருஷம் காடு தரிசாகவே கிடந்தது. சுகப்பிரியாவுக்கு அந்த ஆத்திரம் அடங்கவே இல்லை. அண்ணாச்சியிடம் போய் விடாமல் நச்சரித்து இந்தப் போனை வைத்தாள். கேட்டில் தினம் ஒரு சண்டையை விலக்கி அலுத்துப்போயிருந்த அண்ணாச்சியும் சரியென்றார்.

இப்போது அவர்தான் வாசற்படியில் நின்றுகொண்டு கையைப் பிசைந்தார்.

"ஏம்மா பிரியா, மழை பேஞ்ச மொத நாளே காலை வாரிருச்சே. கேட்டுல ஆளு கூடிருச்சு பாத்தியா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன், ஈரம் பொறுக்குமா? டிரைவருக இட்டிலி சாப்புட்டு முடிக்கட்டும். அதுக்குள்ள போனு வந்தா சரி. இல்லாட்டி கேட்டுல நிக்கிற வரிசைப்படி வண்டிய அனுப்பிருவேன். இன்னைக்கு மட்டுமில்ல, இனிமே எப்பவும் கேட்டுதான். இந்தப் பெட்டிய நீயே தூக்கிட்டுப் போயிரு."

கோபத்தில் சொல்லவில்லை. அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார். நிதானமாகச் சொன்னார், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஷெட்டின் வேப்பமரத்தடியில் ஆறு டிரைவர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பார் வாளி அப்போதுதான் வந்து இறங்கியது. சுகப்பிரியா தன் செல்போனைச் சத்தமில்லாமல் செய்து பைக்குள் போட்டுவிட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

பெட்டி உயிரோடுதான் இருந்தது. திரையில் எழுத்துகள் ஓடின, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. ஆனால் வெளியே பேசுவதற்கு அதற்கு வழியில்லை. அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உண்டு. பெட்டியோடு கூடப் பிறந்த கார்டு சித்திரை மாதத்து இடியில் கருகிப்போனதால், மதுரையில் ஒரே மாதிரி இரண்டு வாங்கிவந்து செருகியிருந்தாள். ஒன்றின் வழியாக வெளி லைன் உள்ளே வரும். மற்றதன் வழியாக அண்ணாச்சியின் மேசைப் போனுக்குப் போகும். என்னென்ன கார்டு இருக்கிறது என்று கேட்டால் பெட்டி இப்போது ஒன்றே ஒன்றைத்தான் சொன்னது. அது கார்டே இல்லை; பெட்டி தனக்குத்தானே பேசிக்கொள்வதற்காக வைத்திருக்கும் உள்வழி. விடிகாலையிலிருந்து அது தன்னோடு தானே பேசிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

டிரைவர் குறையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். வேப்பமரத்தடி டிரைவர் இல்லை, கார்டை இயக்கும் சாஃப்ட்வேருக்கும் அதுதான் பெயர். போன வாரம் போட்ட அப்டேட் வேலையைக் காட்டிவிட்டதோ என்று, பழைய பதிப்பில் பெட்டியைத் திரும்பக் கிளப்பிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பெட்டியின் பலகையில் என்னென்ன செருகியிருக்கிறது என்று கேட்டாள். டிரைவர் குறையென்றால் அங்கே கார்டின் பெயராவது தெரியும். பெயரே இல்லை. கார்டு ஒன்று உலகத்தில் உண்டு என்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது, நேற்றுத்தான் பூஜைக்காக நிறுத்தினார்கள். வேலை செய்கிற எதுவும் அன்று ஓயணும் என்பது அண்ணாச்சியின் சட்டம்.

ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தாள்.

உள்ளே தூசியே இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பொறி தட்டியது. இந்த ஊரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒரு பிடி செம்மண் இருக்கும். இது கல்யாணத்துக்குத் தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. டீசல் வாசனை வேறு. ஃபேனின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். இரண்டு கார்டுகளின் நெற்றியிலும் அதேபோல் பொட்டு. ஒரு கார்டை மெதுவாக உருவினாள். பலகைக்குள் செருகும் விளிம்பில் வரிசையாகத் தங்க நிறத்தில் பற்கள் இருக்குமே, அந்தப் பற்களின் மேலேயும் கெட்டியாகக் குழைத்த சந்தனம். காய்ந்து ஓடாகிப்போயிருந்தது.

"அருஞ்சுனை அண்ணே!" என்று சன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

அருஞ்சுனை அந்த ஷெட்டின் மூத்த டிரைவர். ஆயுத பூஜை என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். டிராக்டரில் கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனம் வைத்து, திரும்ப மாட்டினால்தான் அவருக்கு மனசு நிறையும். ஆறு வண்டிகளுக்கும் ஒற்றை ஆளாக அதைச் செய்வார், யாரையும் தொடவிட மாட்டார். சாம்பார்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, நேத்து இந்தப் பெட்டியத் தெறந்தீகளா?"

"ஆமா தாயி. ஆறு வண்டிக்கும் செஞ்சுட்டு, இம்புட்டு வேலை பாக்குற பெட்டிக்குச் செய்யாம விட்டா அது எப்படி? எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு, பொட்டு வச்சு, இருந்த மாதிரியே மாட்டிட்டேன். நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. இந்தப் பல்லு மேல எதுக்குண்ணே சந்தனம்?"

"அதுதான தாயி தங்கமா மின்னுச்சு. மின்னுற எடத்துலதான பொட்டு வைக்கணும்?"

சுகப்பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து இரண்டையும் விழுங்கிவிட்டு, அந்தப் பற்கள் வழியாகத்தான் கார்டு பெட்டியோடு பேசும் என்று சொன்னாள். அருஞ்சுனையின் முகம் விழுந்துவிட்டது. வாசலையும் கேட்டையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாலயா தாயி இம்புட்டும்?"

"சரி பண்ணிருவேன். நேரந்தான் வேணும். நீங்க சாப்புட்டு முடிச்சா அண்ணாச்சி வண்டியக் கெளப்பிருவாக."

அருஞ்சுனை கொஞ்சம் யோசித்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் இலையின் முன்னால் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தார். "இன்னும் நாலு வை. சட்னி எங்க? இது என்ன உப்பே இல்ல?" என்று அவர் பரிமாறுகிறவனை விரட்டுவது உள்ளே கேட்டது.

சுகப்பிரியா பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்தாள். கார்டுப் பல்லைச் சுத்தம் பண்ண அதைவிட நல்ல சாமான் கிடையாது. கார்டை வெளிச்சத்துக்குக் காட்டித் தேய்ப்பதற்காகச் சன்னலோரம் போனவள், கேட்டைப் பார்த்தாள்.

கம்பிக்கு வெளியே, எல்லாருக்கும் முன்னால், அவளுடைய அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

போன் எடுக்கவில்லை என்றதும் மற்றவர்கள் சிக்னல் கோளாறு என்று திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்க, குருவம்மாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். மகளைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாள், மகளின் போன்தான் பைக்குள் வாய்மூடிக் கிடக்கிறதே. ஒரு கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். மற்றக் கையில் விதைச்சோளப் பை. பின்னாலிருந்து யாரோ நெருக்க, "எங்கிட்டு இடிக்கிற? நாந்தேன் மொத ஆளு" என்று திரும்பிச் சொன்னாள். அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி சுகப்பிரியா கேட்டதே இல்லை.

இந்தப் போன் சரியாகாவிட்டால் இன்றைக்கு முதல் வண்டி பரளச்சிக்குத்தான் போகும். சரியானால் கேட்டு வரிசை செல்லாது. அம்மா மற்றவர்களோடு சேர்ந்து போன் போட வேண்டும்.

கை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தது. சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பலகையின் பள்ளத்தில் ஒட்டியிருந்ததை உலர்ந்த பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தாள். இரண்டு கார்டுகளையும் அருஞ்சுனை செருகியிருந்த இடத்திலேயே செருகி, பெட்டியைக் கிளப்பினாள். திரையில் இரண்டு பெயர்களும் வந்துவிட்டன. ஆனால் போன் இன்னும் மூச்சு விடவில்லை.

காரணம் அவளுக்கு உடனே புரிந்தது. பார்வைக்கு இரண்டு கார்டும் ஒன்றுபோல இருக்கும். துடைத்து மாட்டும்போது அருஞ்சுனை இடத்தை மாற்றி மாட்டிவிட்டார். வயர்களை மட்டும் பழைய இடத்திலேயே செருகியிருக்கிறார். இந்தப் பெட்டி கார்டு உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்காது, அதற்குள் பொறித்திருக்கும் எண்ணைத்தான் பார்க்கும். அதனால் வெளி லைன் வரவேண்டிய கார்டில் மேசைப் போன் வயர், மேசைக் கார்டில் வெளி லைன். இரண்டு வயரையும் உருவி மாற்றிச் செருகினால் தீர்ந்தது. குழந்தைகூடச் செய்துவிடும்.

இரண்டு வயரையும் உருவினாள். உருவிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மதுரையிலிருந்து ஒரு பார்ட் வரணும் அண்ணாச்சி என்று சொன்னால் போதும். இந்த ஷெட்டில் அதைப் பொய் என்று கண்டுபிடிக்க ஒரு ஆள் கிடையாது. அம்மாவின் காட்டை இன்றைக்கே விதைத்துவிடலாம். வெளியே டிரைவர்கள் ஒவ்வொருவராகக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அருஞ்சுனை மட்டும் எட்டாவதோ ஒன்பதாவதோ இட்டிலியை ஊறுகாய் போலத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அவருடைய கண் சன்னல் மேலேயே இருந்தது.

நேரம் பார்க்கலாமென்று பைக்குள்ளிருந்து செல்போனை எடுத்தாள். எடுத்த கையில் அது அதிர்ந்தது. பரளச்சி பொன்னுத்தாய். அம்மாவின் காட்டுக்கு அடுத்த காட்டுக்காரி. ஆவணியில் வரப்பு சறுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டோடு கிடக்கிறாள்.

"ஏத்தா பிரியா, அந்தப் போனு எடுக்கவே மாட்டேங்குதே. ஒங்க ஆத்தா பஸ்ஸேறிப் போயிட்டா. நான் எப்படித்தா வருவேன்? இன்னைக்கு முறை போன்லயா, கேட்டுலயா? அத மட்டும் சொல்லிரு. கேட்டுன்னா நான் விட்டுட்டு வேற சோலியப் பாக்குறேன்."

சுகப்பிரியா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போன்லதான் அத்தை," என்றாள். "விடாம போட்டுக்கிட்டே இருங்க."

வயர்களை மாற்றிச் செருகினாள். கார்டுகளின் முதுகில் பச்சை விளக்கு துடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் ஒரு அழைப்பு ஏறியது, அதன் கீழே இன்னொன்று, அப்புறம் எண்ண முடியாமல் மளமளவென்று ஏறின. பாலவநத்தத்திலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் விடியலிலிருந்து அடித்துக்கொண்டிருந்த சனமெல்லாம் ஒரே மூச்சில் உள்ளே நுழைந்தது. அண்ணாச்சியின் மேசைப் போன் அலறியது.

அண்ணாச்சி கேட்டுக்கு ஓடினார். "போனு வந்துருச்சு! கேட்டு முறை கெடையாது. எல்லாரும் போனைப் போடுங்கய்யா!"

"இம்புட்டு நேரம் நின்னவன் என்ன கிறுக்கனா அண்ணாச்சி?" என்று ஒருவர் சத்தம் போட்டார். மற்றவர்கள் அதற்குள் சட்டைப்பையில் கை விட்டிருந்தார்கள். குருவம்மாளிடம் இருந்தது பட்டன் போன். சுவரில் எழுதியிருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்து அமுக்கினாள். நடுவில் தப்பாகி, அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அமுக்கினாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள்.

அருஞ்சுனை எழுந்து கை கழுவப் போனார். அவரால் குனிய முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு குருவம்மாள் சன்னலருகே வந்தாள்.

"அது ஒங்கொரலுதான?"

"ஆமாம்மா."

"முப்பத்திநாலுன்னு சொல்லுச்சு."

சுகப்பிரியாவால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீ மொத ஆளா நிக்கிறதப் பாத்துட்டேம்மா. பாத்துட்டுத்தான் சரி பண்ணேன்," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

குருவம்மாள் காலியாகக் கிடந்த கேட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். விதைப்பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"பொன்னுத்தாய்க்கு எத்தன?"

"நாலும்மா."

"எந்திரிச்சு நடக்க முடியாதவளுக்கு நாலா?"

"ஆமா."

"ம்." சன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி மகளின் கன்னத்தைத் துடைத்தாள். அவளுடைய கையில் கேட்டுக் கம்பியின் துரு ஒட்டியிருந்தது. "நீ காலையில ஒண்ணும் திங்கல. போயி சாப்புடு. நான் வாரேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

முப்பத்திநாலாம் முறை மூன்றாம் நாள் மத்தியானம் வந்தது. அருஞ்சுனை கெஞ்சிக் கூத்தாடி அந்த நடையைத் தன் வண்டிக்கு வாங்கிக்கொண்டார். இடையில் இரண்டு நாளும் வெயில் ஈவிரக்கமில்லாமல் அடித்திருந்தது. குருவம்மாள் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டே காடு முழுக்க நடந்தாள். ஓடையோரத்துக் கிழக்குப் பாதியில் ஈரம் இருந்தது. மேட்டுப்பக்கத்து மேற்குப் பாதி பொலபொலவென்று உதிர்ந்தது. அருஞ்சுனை அதையும் உழுகிறேன் என்று நின்றார். விதையைப் புழுதியில் போட்டு என்ன செய்வது என்று அவள் வேண்டாமென்றுவிட்டாள்.

ஐப்பசி கடைசியில் கிழக்கே சோளம் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிட்டது. மேற்கே வெறும் மண். பக்கத்தில் பொன்னுத்தாயின் காடு வரப்பு முதல் வரப்பு வரை பச்சையாக நின்றது. பரளச்சி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் அந்த அரைக்காடு கண்ணில் படும். ஒருநாள் குருவம்மாள் அருப்புக்கோட்டைக்குப் போகும்போது பக்கத்து சீட்டுக்காரி ஒருத்தி கேட்டாள், "ஏக்கா, நல்ல காட்டப் பாதியில விட்டு வச்சிருக்காகளே, யாரு காடு அது?"

குருவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, தானும் புதிதாகப் பார்ப்பவள்போலச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அதுவா? நம்ம காடுதேன். அன்னைக்கு எம் மக போனைச் சரி பண்ணிட்டா."